மூங்கில் கம்புகளைப் பிடுங்காதீர்கள்: பனிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

இமயமலைப் பனிக் கண்காணிப்புத் திட்டத்தின் இயக்குநர் அவர்களுக்கும் அறிவியல் ஆலோசனைக் குழுவினருக்கும்,

உங்கள் சுற்றறிக்கையின் நகல் போன மாதம் என் கைக்கு வந்தது. அதில் மூன்று முடிவுகள். ஹிமாச்சலின் லாஹௌல் பகுதியில், சந்திரா ஆற்றுப் படுகையில் நம் திட்டம் இத்தனை ஆண்டுகள் அளந்துவந்த பனியாற்றில் இந்தப் பருவம் முதல் மூங்கில் கம்பு நட்டு அளக்கும் கள அளவீடு கிடையாது. பள்ளத்தாக்கு ஊர்களில் தினமும் காலையில் பனியை அளந்து குறித்துவந்த ஆறு பேரின் பணி முடித்துக்கொள்ளப்படுகிறது. ஊராட்சிகளுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்த பனி வரைபடம் இனி அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரணம்: செயற்கைக்கோள் வழிப் பனி வரைபடங்கள் கள அளவீட்டோடு நன்கு பொருந்துவது திட்டத்தின் முந்தைய அறிக்கையில் நிறுவப்பட்டிருக்கிறதாம்.

அந்த முந்தைய அறிக்கையை எழுதியவன் நான். அந்த வரியும் என்னுடையதுதான்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், ஒப்பந்தப் பணியாளனாக, உங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து எழுதினேன். அந்த வரிக்கு முன்னும் பின்னும் இருந்த வரிகள் எங்கே போயின என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். ‘பெறப்பட்டது’ என்ற தானியங்கிப் பதிலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதனால் இந்த முறை தமிழில், நாலு பேர் கண்ணில் படும்படி எழுதுகிறேன். ஆலோசனைக் குழுவிலும் படச் செயலாக்கப் பிரிவிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்கு இந்த வேலையில் முதல் பாடம் சொல்லிக்கொடுத்தவனும் நானே.

அந்தப் ‘பொருத்தம்’ எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பனியும் மேகமும் ஒரே வெள்ளை. குறுஅலை அகச்சிவப்பில் பார்த்தால் மேகம் அப்போதும் வெளுப்பாகவே இருக்கும். பனி மட்டும் கறுத்துப்போகும். அந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் உலகம் முழுக்கப் பனி வரைபடம் போடுகிறார்கள். பச்சைப் பட்டையில் வந்த அளவிலிருந்து அகச்சிவப்பில் வந்ததைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை 0.4-ஐத் தாண்டினால் அந்தப் பிக்சல், அதாவது படத்தின் அந்தக் கட்டம், பனி. இவ்வளவுதான் சூத்திரம். எளிமையானது, பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இருபது வருடம் இதை வைத்துச் சோறு சாப்பிட்டவன் நான். அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் நான் ஒப்பிட்டது மேகமே இல்லாத நாட்களை. மலை நிழல் விழாத சரிவுகளை. கல்லும் மண்ணும் மூடாத பரப்பை. அதிலும் ‘பனி இருக்கிறதா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியை. இந்த நான்கு நிபந்தனையையும் அதே பக்கத்தில் எழுதியிருந்தேன். சுற்றறிக்கைக்கு வந்து சேர்வதற்குள் நான்கும் உதிர்ந்துவிட்டன. ஒரு வரி இப்படித் துணையில்லாமல் பயணம் போனால் என்ன ஆகும் என்று நம் துறைக்கு நன்றாகவே தெரியும். 2007-இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.-யின் அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் இல்லாமல் போகக்கூடும் என்று ஒரு வரி நுழைந்தது. ஆதாரம் சரியில்லை என்று 2010 ஜனவரியில் வருத்தம் தெரிவிக்க வேண்டிவந்தது. அந்த ஒரு வரியால் சரியான கணக்குகளையும் நம்பாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

‘எவ்வளவு பனி’ என்ற கேள்வியை நான் அந்த அறிக்கையில் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் படம் பதில் சொல்லியிருக்காது.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். வேலைக்கு வரும்வரை எனக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனி மட்டும்தான். தமிழில் புல்நுனியில் இருப்பதும் பனி, இமயத்தில் இருப்பதும் பனி; சொல்லில் ரொம்பச் சிக்கனம். ஆனால் கண்மாயைத் தெரியும். எங்கள் ஊர்க் கண்மாய் ஐப்பசி மழையில் நிறைந்து நிற்கும்போது மேலேயிருந்து படம் எடுத்தால் கரை முட்டத் தண்ணீர் தெரியும். அது தூர்ந்துபோன கண்மாய், பாதிக்குமேல் வண்டல். தை பிறப்பதற்குள் தரை தட்டிவிடும். பரப்பை மட்டும் பார்த்துவிட்டு இத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று எங்கள் நீர்பாய்ச்சியிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவர் மடையடியில் இறங்கி, முழங்காலா இடுப்பா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் தண்ணீர் யாருக்கு என்று சொல்வார்.

பனியும் அப்படித்தான். ஒரு மீட்டர் புதுப்பனி உருகினால் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேறும். பல வாரம் கிடந்து காற்றில் இறுகிய பனியென்றால் அதே ஒரு மீட்டரில் முப்பது, நாற்பது சென்டிமீட்டர். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. குழி தோண்டி, உருளையில் அள்ளி, தராசில் வைத்தால்தான் எது எது என்று தெரியும்.

கம்பு அளக்கப் போவது எப்படி என்று உங்களில் பலர் பார்த்ததில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, கோப்பில் அது ‘களப்பணி, 12 நாட்கள்’ என்றுதான் இருக்கும். சந்திராவுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கயிறு, அதில் தொங்கும் ஒரு பெட்டி. மூட்டையோடு ஏறி உட்கார்ந்தால் அக்கரையில் இருப்பவர் கயிற்றைக் கையால் இழுப்பார். கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர் கத்திக்கொண்டு ஓடும். அப்புறம் கல்மேட்டில் நாள் முழுக்க ஏற்றம். நீராவித் துளைக்கருவியின் கொதிகலனை ஒருவர் சுமப்பார், எரிவாயு உருளையை இன்னொருவர், ரப்பர் குழாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு மூன்றாமவர். குழாய் நுனியிலிருந்து வரும் நீராவி பனிக்கட்டியில் துளை போட்டுக்கொண்டே கீழே இறங்கும். அதில் இரண்டிரண்டு மீட்டர் மூங்கில் துண்டுகளைக் கம்பியால் கோத்து இறக்குவோம். அடுத்த வருடம் போகும்போது எவ்வளவு மூங்கில் வெளியே நிற்கிறதோ, அவ்வளவு பனிக்கட்டி போயிருக்கிறது என்று கணக்கு. இந்தக் கருவியைவிட எளிய கருவி நம் திட்டத்தில் இல்லை. அதற்கு மென்பொருள் வேண்டாம், உரிமக் கட்டணம் வேண்டாம்.

கடைசியாக நான் போன வருடம், கீழ்ப்பகுதியில் இருந்த 7-ஆம் எண் கம்பு நிற்கவே இல்லை. இரண்டு துண்டு முழுசாக வெளியே வந்து, மூன்றாவதும் பாதிக்குமேல் தெரிய, பாரம் தாங்காமல் பனிமேல் படுத்துக் கிடந்தது. ஒரே வருடத்தில் ஓர் ஆள் உயரத்தைப்போல மூன்று மடங்கு. அதே வாரத்துச் செயற்கைக்கோள் படத்தில் பனியாற்றின் முகம் (அது முடியும் கீழ்நுனி), அதற்கு முந்தைய வருடம் இருந்த அதே பிக்சலில் அசையாமல் இருந்தது.

இது என் ஒருவனுடைய அனுபவம் என்று தள்ளிவிட முடியாது. இந்தியச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2,018 இமயமலைப் பனியாறுகளை 2000-01-க்கும் 2010-11-க்கும் இடையே ஒப்பிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரியும். அதில் 1,752 பனியாறுகளின் முகம் இடம் மாறவில்லை, 248 பின்வாங்கின, 18 முன்னே வந்தன. உழைத்துச் செய்த, நேர்மையான ஆய்வு. ஆனால் அதைப் படித்த பத்திரிகைகள் ‘இமயமலைப் பனிக்கு ஆபத்தில்லை’ என்று எடுத்துக்கொண்டன. அதே காலகட்டத்தில், அதே சந்திரா படுகையில், சோட்டா ஷிக்ரி பனியாற்றில் கம்பு நட்டு அளந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். 2002 முதல் 2014 வரை ஆண்டுக்குச் சராசரியாக அரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீருக்கு ஈடான பனிக்கட்டியை அந்தப் பனியாறு இழந்திருந்தது. முகம் நின்ற இடத்தில் நிற்கும்போதே உடம்பு மெலியலாம். வயதானவர்களை வைத்திருக்கும் வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

பிக்சல் கணக்கும் ஒன்று உண்டு. தினசரிப் பனி வரைபடத்துக்கு நாம் நம்பியிருக்கும், நாசா கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் ஒரு பிக்சல் 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதாவது 25 ஹெக்டேர். சோட்டா ஷிக்ரியின் மொத்தப் பரப்பு சுமார் 15.5 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், 62 பிக்சல். ஒரு பனியாற்றின் வாழ்வும் சாவும் 62 கட்டங்களில். நம் பனியாறு அதைவிடச் சின்னது. இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் கோள்களின் ஏவைஃப்ஸ் கருவி 56 மீட்டர் வரை தெளிவாகப் பார்க்கும், 740 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே வீச்சில் எடுக்கும், ஐந்து நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஐரோப்பாவின் சென்டினல்-2 இன்னும் கூர்மை. சரி. ஆனால் ஜூலை, ஆகஸ்டில், உருகல் உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில், பருவமழை மேகம் வந்து மூடிக்கொள்ளும். அப்போது எத்தனை கூர்மையான கண்ணாக இருந்தாலும் பார்ப்பது மேகத்தின் முதுகைத்தான்.

மேகத்தைச் சமாளிக்க நாம் செய்த உபாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் கையும் இருக்கிறது. மோடிஸின் எட்டு நாள் தொகுப்பில், எட்டில் ஒரு நாள் பனி தெரிந்தாலும் அந்தப் பிக்சலைப் பனி என்றே குறிப்பார்கள். நம் பத்து நாள் வரைபடத்துக்கும் அதே விதியைத்தான் வைத்தேன். மேகத்தால் வரும் ஓட்டைகள் அடைபட்டுப்போகும், வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஓர் ஏப்ரலில் அந்த வரைபடம் லாஹௌலின் பட்டன் பள்ளத்தாக்கின் வயல்கள் முழுவதையும் பத்து நாளும் பனி மூடியதாகக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு ஓர் அலுவலகம் விதைப் பட்டாணியை மேலே அனுப்புவதைத் தள்ளிப்போட்டது. எனக்கு இதெல்லாம் தெரியாது. செப்டம்பரில் அங்கே போனபோது, நமக்காகப் பனி அளக்கும் பெரியவர் (எல்லோரையும் போல நானும் அவரைச் சாச்சாஜி என்றுதான் கூப்பிடுவேன்) தன் நோட்டை எடுத்து வந்தார். பென்சில் எழுத்து, அந்தக் குளிரில் பேனா மை உறைந்துவிடும். ஐந்தாம் தேதி காலை எட்டரை மணி, புதுப்பனி மூன்று அங்குலம், மதியத்துக்குள் போயிற்று. ஆறு, இல்லை. ஏழு, இல்லை. எட்டு, இல்லை. பக்கம் முழுக்க ‘இல்லை’. அவர் மகன் அந்த நாட்களில் ஏர் பூட்டி வயலை உழுது வைத்துவிட்டு விதைக்காகக் காத்திருந்தாராம்.

“உங்கள் வானத்துக் கண்ணுக்கு மத்தியானம் என்பதே கிடையாதா?” என்று கேட்டார் சாச்சாஜி. கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்ட மாதிரிதான் இருந்தது.

பெரும்பாலும் கிடையாது. ரிசோர்ஸ்சாட், சென்டினல்-2, லேண்ட்சாட் எல்லாமே அந்த இடத்தைக் காலை பத்து, பத்தரை வாக்கில்தான் கடக்கும். மூன்று அங்குலப் பனி அப்போது வயலில் இருந்தது, படமும் எடுத்தாயிற்று. பன்னிரண்டு மணிக்கு அது வாய்க்காலில் ஓடிவிட்டது. பத்து நாளில் ஒரு காலைப் பொழுது இருந்த பனியைப் பத்து நாள் பனியாக்கியது என் விதி. அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தத் தவறு இன்றுவரை எனக்குத் தெரிந்திருக்காது. திரும்பி வந்து திருத்தக் குறிப்பு எழுதினேன். அதுவும் கோப்பில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

அந்த ஊர்களில் இன்னொரு பழக்கம் உண்டு. வசந்தத்தில் வயல்மேல் கிடக்கும் பனி சீக்கிரம் உருகட்டும் என்று மண்ணை அள்ளித் தூவுவார்கள். கறுப்பு வெயிலை உறிஞ்சும், பனி சில நாள் முன்னதாகப் போகும். கோளுக்கு அது அழுக்குப் பனியா, வெறும் தரையா என்று தடுமாற்றம். இதே தடுமாற்றம் பெரிய அளவில் பாரா ஷிக்ரியில் நடக்கிறது. ஹிமாச்சலின் மிகப் பெரிய பனியாறு அது, கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர் நீளம். கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. அதன்மேல் நடந்தால் காலடியில் சரளை. ஒரு கல்லைப் புரட்டினால் பச்சைநீலப் பனிக்கட்டி. 0.4 சூத்திரத்துக்கு அது பக்கத்து மலைச்சரிவு மாதிரியேதான் தெரியும். மெல்லிய மண் படிந்தால் பனிக்கட்டி வேகமாக உருகும், கனத்த கல்மூட்டம் என்றால் போர்வை போலக் காக்கும். எங்கே எவ்வளவு கனம் என்று கோலால் குத்திப் பார்த்தவர்களைத்தான் இப்போது வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

‘இனி ராடார் இருக்கிறதே’ என்று உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த ராடார் கோளான நிசார் 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனபோது நானும் தொலைக்காட்சி முன்னால் கைதட்டினேன். மேகம், இருட்டு எதுவும் அதைத் தடுக்காது. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். பனியாறு நகரும் வேகத்தை அளக்க அதைப்போல ஒன்று நம்மிடம் இருந்ததில்லை. ஆனால் ராடார் அலைக்கு வறண்ட பனி ஏறக்குறையக் கண்ணாடி மாதிரி; ஊடுருவிப் போய்விடும். ஈரம் பட்டால் அதே பனி அலையை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். எது வறண்டது, எது நனைந்தது, எத்தனை அடி ஆழம் என்று ராடார் சொல்வதைச் சரிபார்க்கத் தரையில் ஆள் வேண்டும். புதிய கோள் வந்த வருடங்களில்தான் தரை அளவீடு கூடுதலாகத் தேவை. நீங்கள் அதைக் குறைக்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை.

இது சாதாரணக் காலமாக இருந்தால் நான் இத்தனை எழுதியிருக்கமாட்டேன். காத்மாண்டுவில் இருக்கும் மலைப்பகுதி ஆய்வு நிறுவனமான ஐசிமோட் 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்குப்படி, இந்துகுஷ் இமயமலைப் பகுதியில் 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை பனி தரையில் தங்கிய காலம் வழக்கத்தைவிட 23.6 விழுக்காடு குறைவு. அதுவரையான 23 ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு. தொடர்ந்து மூன்றாவது வருடமாக வழக்கத்துக்குக் கீழே. அந்தக் கணக்கையும் செயற்கைக்கோள்தான் தந்தது. அத்தனை பெரிய மலைத்தொடருக்கு அதைவிட நல்ல வழியும் இல்லை. ஆனால் சாச்சாஜி ஊருக்கு மேலே, அவருடைய கூல் வாய்க்காலுக்குத் (மலைச்சரிவில் பனிநீரைக் கொண்டுவரும் வாய்க்கால்) தண்ணீர் தரும் அந்தச் சின்னப் பனிமேட்டில் இந்த வருடம் எவ்வளவு மிச்சம் என்று அந்த எண் சொல்லாது.

அடுத்தது, பனியாறு உருகித் தேங்கும் ஏரிகள். 2024 ஏப்ரலில் இஸ்ரோ வெளியிட்ட விவரத்தை நினைவூட்டுகிறேன். இமயமலை ஆற்றுப்படுகைகளில் பத்து ஹெக்டேருக்குமேல் பரப்புள்ள 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984-க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு பெரிதாகியிருக்கின்றன. அவற்றில் 130 இந்தியாவுக்குள். உதாரணமாகக் காட்டப்பட்டது நம் பள்ளத்தாக்கின் கேபாங் காத் ஏரி. 4,068 மீட்டர் உயரத்தில், 1989-இல் 36.49 ஹெக்டேராக இருந்தது 2022-இல் 101.30 ஹெக்டேர். அதற்குக் கீழே சிஸ்ஸு. அடல் சுரங்கப்பாதையின் வடக்கு வாயிலைத் தாண்டினால் சில நிமிடத்தில் வந்துவிடும் ஊர்; இப்போது சுற்றுலாக் கூட்டத்தால் வாகனம் நிறுத்த இடமில்லை.

பரப்பு பெருகியதைச் சொன்ன கோள், கரையாக நிற்கும் கல்மேட்டுக்குள் பனிக்கட்டி இருக்கிறதா, அது இளகுகிறதா என்று சொல்லவில்லை. சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரியைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். 2023 செப்டம்பர் 28-ஆம் தேதிப் படத்தில் அதன் பரப்பு 167.4 ஹெக்டேர். அக்டோபர் 4-ஆம் தேதிப் படத்தில் 60.3. இரண்டுக்கும் நடுவில், அக்டோபர் 3-ஆம் தேதி இரவில், பக்கவாட்டுக் கல்மேடு சரிந்து ஏரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு படமும் தெளிவானவை, அளவும் துல்லியம். கீழே இருந்தவர்களுக்கு அந்தத் துல்லியம் எந்த நேரத்தில், எந்த மொழியில், யார் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

அங்கேதான் உங்கள் மூன்றாவது முடிவு என்னை அதிகம் உறுத்துகிறது. வரைபடத்தை ஊராட்சிகளுக்குக் கொடுக்காமல் நிறுத்தி என்ன மிச்சப்படுத்தப் போகிறீர்கள்? அது ஒரு பக்கம், ஒரு மின்னஞ்சல். பாதுகாப்புக் காரணம் என்று வாய்மொழியாகச் சொல்லப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அமெரிக்க உளவுக்கோள் ஹெக்ஸகன் 1970-களில் பிலிமில் எடுத்த படங்கள் இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடக்கின்றன. அந்தப் பிலிம் சுருள்களை வானத்திலிருந்து கூட்டில் போட்டுக் கீழே இறக்கி, விமானத்தில் கொக்கி மாட்டிப் பிடித்தார்கள், அத்தனை ரகசியம். அவற்றை வைத்துத்தான் 2019-இல் 650 இமயமலைப் பனியாறுகளை ஆராய்ந்து, 1975 முதல் 2000 வரை இருந்ததைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் 2000-க்குப் பின் பனிக்கட்டி இழப்பு நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பனிப்போர்க் கால உளவுப்படம் ஊருக்கெல்லாம் திறந்து கிடக்கிறது. தன் வயலுக்கு மேலே எவ்வளவு பனி என்று தெரிந்துகொள்ள ஓர் ஊராட்சித் தலைவிக்கு உரிமை இல்லை என்கிறீர்கள். சென்டினல் படங்களும் லேண்ட்சாட் படங்களும் இணையத்தில் இலவசம் என்பது தனி.

செலவைப் பற்றிப் பேசினால், ஆறு பேருக்கும் ஒரு வருடம் முழுக்கக் கொடுத்த மதிப்பூதியம், படச் செயலாக்கத்துக்கு வாங்கிய ஒரே ஒரு கணினியின் விலையை எட்டாது. அதிலும் போன குளிர்காலத்தின் நான்கு மாதத் தொகை இன்னும் போய்ச் சேரவில்லை. சாச்சாஜி அதைக் கேட்டு எனக்குப் போன் செய்யவில்லை. ‘வேலை முடிந்தது என்று கடிதம் வந்திருக்கிறது, நோட்டை யாரிடம் கொடுப்பது?’ என்று கேட்கத்தான் செய்தார். பத்தொன்பது குளிர்காலத்து நோட்டுகள். என்னிடம் பதில் இல்லை.

எனவே நான் கேட்பது இவை.

சுற்றறிக்கையில் என் அறிக்கையிலிருந்து எடுத்த வரியை நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால், அதே பக்கத்தில் இருக்கும் நான்கு நிபந்தனையையும், பின்னால் நான் எழுதிய திருத்தக் குறிப்பையும் சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். என் பெயரும் என் வரியும் இந்த முடிவுக்கு முட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை.

கள அளவீட்டை இந்த ஆண்டே மறுபடி தொடங்குங்கள். கம்பு அளவீடு செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் நடக்க வேண்டும். அக்டோபரில் புதுப்பனி விழுந்துவிட்டால் பழைய பரப்பு மறைந்துபோகும், வருடக் கணக்கு அறுந்துவிடும். ஓர் ஆண்டு அறுந்தால் அடுத்த ஆண்டு இரண்டு வருட இழப்பையும் சேர்த்துத்தான் பார்க்க முடியும், அதுவும் கம்புகள் அதுவரை நின்றால். 7-ஆம் எண்ணைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆறு பேரின் பணிநீக்கத்தை ரத்து செய்யுங்கள், நான்கு மாத நிலுவையைத் தீபாவளிக்குக் காத்திராமல் இப்போதே கொடுங்கள். அவர்களுடைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சேமித்துவிட்டு, மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

வெளியிடும் ஒவ்வொரு பனி வரைபடத்திலும், எந்தப் பகுதி எந்தத் தேதியில் எடுத்தது, எவ்வளவு இடம் மேகத்தால் மறைந்திருந்தது, எத்தனை நாளில் எத்தனை நாள் பனி தெரிந்தது என்ற மூன்றையும் காட்டுங்கள். தெரியாத இடத்தைச் சாம்பல் நிறத்தில் விடுங்கள். அழகு கெட்டால் கெடட்டும். அந்த வரைபடம் படம் எடுத்த ஐந்து நாளுக்குள் இந்தியில் ஊராட்சிகளுக்குப் போக வேண்டும். கேபாங் காத் ஏரியின் பரப்பையும் அதிலேயே ஒரு மூலையில் போடுங்கள்.

நிசார் தரவைச் சரிபார்க்கும் திட்ட வரைவில் இந்தப் பனியாற்றையும் இந்த ஆறு ஊர்களையும் சேருங்கள். தனியாக நிதி கேட்க வேண்டிய அவசியம்கூட வராது.

பதிலை எனக்கு எழுத வேண்டாம். அந்த ஆறு பேருக்கு, ஆகஸ்ட் 15-க்குள், இந்தியில் எழுதுங்கள். துளைக்கருவி கீழ்த்தளக் கிடங்கில், இடது பக்கம் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. அதன் ரப்பர் குழாயில் வாய்க்குப் பக்கத்தில் ஒரு விரிசல் உண்டு, நாங்கள் டேப் சுற்றி ஒப்பேற்றியிருந்தோம். இந்த முறை அனுப்பும்போது குழாயை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திட்டத்தின் முன்னாள் ஒப்பந்தப் பட ஆய்வாளன்